அச்சில் நிற்காத வரி

எழுபத்தொன்பது ஆடியில், சாரல் அடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, குற்றாலத்தில் அந்தப் பழைய வீட்டுக்கு முதன்முதலாகப் போனோம். நான் தென்காசி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். கூட வந்தது ஓய்வுபெற்ற நர்ஸ் ஞானபாக்கியம் அக்கா. எங்கள் வாசகர் மன்றம் பழைய புத்தகங்களை மறுபடி அச்சடித்து இலவசமாகக் கொடுத்தது. பிழை பார்ப்பது நாங்கள் இருவரும். கூலி, வீட்டுக்காரர் தரும் காப்பி.

அந்த முறை எடுத்த புத்தகம், அந்த வீட்டில் பிறந்த கோமதியம்மாள் எழுதிய தன் கதை. மிஞ்சியது ஒரே பிரதி, பாதியைச் செல்லரித்திருந்தது. வெளியே தர மாட்டேன் என்றார் அங்கே குடியிருந்த அவருடைய அண்ணன் பேரன் சங்கரசுப்பிரமணியன். அதனால் அங்கேயே உட்கார்ந்து அக்கா மூலத்தை உரக்க வாசிப்பார், நான் அச்சகம் தந்த புரூபில் விரல் வைத்து ஒப்பிடுவேன்.

நாற்பதாம் பக்கத்தில் அக்காவின் குரல் இறங்கியது.

"என் அண்ணன் மனைவி, வடிவு மதினி, கிணற்றில் தவறி விழவில்லை. அப்பா தள்ளினார்."

புரூபில் அந்த வரி இல்லை. சிவப்பு மையில் எழுதிச் சேர்த்தேன்.

"அத விட்டுருங்கம்மா," என்றார் சங்கரசுப்பிரமணியன். சுவரில் கோமதியம்மாளின் அப்பா, கையில் தடியோடு, படத்தில் நின்றார். "அவருக்குப் பிடிக்காது."

"செத்தவருக்கு என்ன அண்ணாச்சி பிடிக்கதும் பிடிக்காததும்?" என்றேன்.

அடுத்த ஞாயிறு புதுப் புரூபைக் கொண்டுவந்தான் அச்சுக்கோக்கும் மாடக்கண்ணு. அதிலும் வரி இல்லை. "கோத்தேங்க்கா, பிள்ளைக மேல சத்தியம்," என்றான்.

மறுபடி எழுதினேன். மை காயுமுன் மூக்குப்பொடி வாடை வந்தது. அங்கே இருந்த யாருக்கும் பொடிப் பழக்கம் இல்லை.

டொக்.

மச்சில் தடி ஊன்றும் சத்தம்.

டொக். டொக். இப்போது படியில்.

யாரும் இறங்கி வரவில்லை. என் கண் முன்னால் சிவப்பு எழுத்துகள் ஒவ்வொன்றாக வெளிறி மறைந்தன.

அக்கா என் கையைப் பிடித்தார். "ஏட்டி, போயிருவோம்."

எனக்கும் பயம்தான். ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக வந்தது. படத்தைப் பார்த்துக் கத்தினேன்.

"ஓய்! உசுரோட இருக்கையில அவளத் தள்ளுனீரு. செத்தும் அடங்கலையா ஓமக்கு? நீரு அழிச்சுக்கிட்டே இரும், நான் எழுதுதேன். யாருக்கு முதல்ல கை வலிக்குன்னு பாப்போம்!"

முந்நூறு பிரதிகள் அச்சாகின. முந்நூறிலும் அந்த இடம் வெள்ளை. கட்டுகளை அந்த வீட்டுக்கே கொண்டுவரச் சொன்னேன். அவர் மூஞ்சிக்கு முன்னால் எழுத வேண்டும் என்ற வீம்பு எனக்கு. அக்கா ஒவ்வொரு பிரதிக்கும் வரியை வாசித்தார், நான் எழுதினேன். எழுத எழுத மறைந்தது. நூறு தாண்டியபோது விரல் வீங்கிவிட்டது. தடிச் சத்தம் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றது.

பிடரியில் மூச்சு பட்டது.

"வாசிங்கக்கா," என்றேன்.

அக்கா வாசித்தார். கூடவே இன்னொரு பெண் குரலும் வாசித்தது.

தடி தரையில் விழுந்து உருளும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தோம். தரையில் ஒன்றும் இல்லை.

அடுத்த பிரதியைத் திறந்தேன். அதில் என் பேனா இன்னும் படவில்லை. வெள்ளை இடத்தில் தண்ணீர் தொட்டு யாரோ எழுதியிருந்தார்கள்.

"நான் தவறி விழவில்லை. மாமா தள்ளினார்."

முந்நூறிலும் அதே கையெழுத்து. அப்படியே கொடுத்தோம்.

ஒரு பிரதி என்னிடம் இருக்கிறது. எட்டு வருடம் ஆகிறது. எத்தனையோ கோடை வெயிலில் விரித்து வைத்துப் பார்த்துவிட்டேன்.

அந்த வரி இன்னும் காயவில்லை.