கடைசி வரி மட்டம்

ஒரு பெண்ணின் சித்தம் சிதறியதற்கு விலை முன்னூற்றைம்பது. கெட்டி அட்டை என்றால் ஐந்நூறு!

தன் மனநோயையே அந்தக் கவிதைப் புத்தகமாக எழுதியவள், நான்காவது மாடியிலிருந்து விழுந்து, கார் நிறுத்துமிடத்தில் வெள்ளைத் துணிக்கடியில் கிடந்தாள்.

மேலே அவள் புருஷன்... பதிப்பாளரும் அவன்தான்... இன்ஸ்பெக்டரிடம் ஒரு தாளை நீட்டினான். கம்ப்யூட்டரில் அடித்த கவிதை. குதிப்பதற்குச் சற்று முன் அவள் எழுதியதாம். ரிப்போர்ட்டில் ஒரு வரி விடாமல் சேர்க்க வேண்டுமாம். பத்திரிகைக்காரர்கள் எப்போது வருவார்கள் என்றும் கேட்டு வைத்தான்.

இன்ஸ்பெக்டர் தாளை வாங்கிக்கொண்டார்.

படித்தார்.

'என் மண்டை ஒரு பூட்டிய தியேட்டர்.
இருக்கைகளை வௌவால்கள் தின்கின்றன.
இன்று நானே திரையைக் கிழிக்கிறேன்.'

மூலையில் செத்தவளின் அக்கா. தங்கை பைத்தியம் பிடித்துச் செத்தாள் என்று ஃபைலை மூடிவிடுவார்களோ என்பதுதான் அவள் பயம்.

"அவளுக்கு முடியாம இருந்தப்ப நான்தான் சார் கூட இருந்தேன். தியேட்டரும் இல்ல, வௌவாலும் இல்ல. 'அக்கா, சோறு முழுங்கத் தெரியல'ன்னா. அவ்வளவுதான். பேனாவையே தொடல. நல்லா தேறி வந்தப்புறம்தான் உவமையெல்லாம் வந்துச்சு."

அக்காவுக்கு இலக்கியம் புரியாது என்று அவன் சிரித்தான். வலி முற்றினால்தான் கவிதை வருமாம். ஏதோ பழத்தைப் பற்றிப் பேசுவதுபோல் சொன்னான்.

இன்ஸ்பெக்டர் தாளைத் தூக்கி, சேலை வாங்க வந்தவர்போல வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"கடைசி வரி மட்டம்."

"என்ன சார்?"

"சினிமா வசனம் மாதிரி இருக்கு. அவசரத்துல எழுதிட்டாங்க போல."

"அவசரமா?" பதிப்பாளரின் காது சிவந்தது. "நேத்துப் பூரா உட்கார்ந்து செதுக்கின வரி சார்! 'மூடுகிறேன்'னு போட்டு, 'எரிக்கிறேன்'னு போட்டு, அதுக்கப்புறம்தான்..."

நிறுத்தினான்.



"யாரு உட்கார்ந்து?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அக்கா பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்துவிட்டாள். பிரித்தெடுக்க இரண்டு கான்ஸ்டபிள்கள் வேண்டியிருந்தது.

பிறகு எல்லாம் வரிசையாக வந்தது. தேறிய மனைவி, என் நோயை இனி விற்காதே என்றிருக்கிறாள். குடோனிலோ புத்தகம் மலைபோல் தேங்கிக் கிடந்தது. செத்த கவிஞருக்குத்தான் கிராக்கி... தள்ளிவிட்டான்.

விலங்கோடு படியிறங்கும்போது தயங்கி நின்றான்.

"சார்... நிஜமாவே அந்த வரி மட்டமா?"

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"கொலைக்கு ஆயுள் தண்டனை இருக்கு, அதுல கணக்கு நேராயிடும். அந்த வரிக்குத்தான் சட்டத்துல தண்டனையே இல்ல. அது பாக்கி நிக்குது."