வில் மட்டும் இருந்தது

மாலை 4.10. கல்லூரி வாத்திய அறையில் முதல் வயலின்காரி தன் பெட்டியைத் திறந்தாள். வில் மட்டும் இருந்தது. வயலின் இல்லை.

 வெறும் பெட்டியைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆறரை மணி ரயிலைப் பிடித்தால்தான் நாளைக் காலை பெருநகர இசைக்குழுவின் தேர்வில் வாசிக்க முடியும். தேறினால் அங்கேயே வேலை.

கல்லூரி இசைக்குழு மாஸ்டரின் பார்வை டிரம்பெட்காரன் மேல் விழுந்தது. நேற்று ஒத்திகையில், "இவ ஒழிஞ்சாத்தான் நமக்கு நிம்மதி" என்றவன் அவன். அறைச் சாவியும் அவனிடம் உண்டு.

"அஞ்சு மணிக்குள்ள வரலன்னா பிரின்சிபால்கிட்ட எழுதிக் குடுத்துருவேன். உன் படிப்பு அவ்வளவுதான்."

"சார், எனக்கு வாய்தான் நீளம். கை இல்ல."

4.20. மருந்துக்கடை வேலை முடிந்து மாலை வகுப்புக்கு வந்த 'கணக்கு' விஷயத்தைக் கேட்டாள். குழுவில் முரசு வாசிப்பவள். தொண்ணூறு தாளம் சும்மா எண்ணிவிட்டு இரண்டு தடவை அடிப்பதால் அந்தப் பட்டப்பெயர். நோட்டை எடுத்துச் சாவி உள்ளவர்களை எழுதினாள்: காவலாளி, டிரம்பெட், இரண்டாம் வயலின், நான். 'நான்' என்பதன் கீழ் இரண்டு கோடு போட்டாள். தன்னையே நம்பிப் பழக்கமில்லை அவளுக்கு.

"கடைசியா எப்ப பாத்த?"

"பதினொன்றரைக்கு. பரீட்சை மணி அடிச்சிருச்சு. அப்படியே பெட்டில போட்டுட்டு ஓடினேன். வில்லக்கூடத் தளர்த்தல. பரீட்சை முழுக்க அதான் உறுத்திட்டே இருந்துச்சு."

இரண்டாம் வயலின்காரன் அவளுக்குத் தண்ணீர் நீட்டினான். "அழாத. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

காவலாளி தலையை ஆட்டினார். "நான் எதையும் தொடறதில்லம்மா. தூசி தட்டப் போயி ஒரு தடவ வாங்கிக் கட்டிக்கிட்டது போதும்."

4.35. கணக்கு வில்லைப் பார்த்தாள். நோட்டில் எழுதினாள். எழுதியதை அடித்தாள். மறுபடி பார்த்துவிட்டு அதையே எழுதினாள். பிறகு வில்லை டிரம்பெட்காரனிடம் நீட்டினாள்.

"இத இறுக்கிக் குடு."

அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எங்க திருகணும்? ஒடச்சேன்னு இன்னொரு கேஸ் போடவா?"

4.45. இரண்டாம் வயலின்காரனை மாடிப்படிக்கு அழைத்துப் போனாள்.

"அவ இறுக்கமா விட்டுட்டுப் போன வில்லு இப்ப தளர்ந்து கெடக்கு. திருட வந்தவனுக்கு எதுக்கு அந்த அக்கறை? அப்படியே விட்டா வில்லு கெட்டுப்போகும்னு தெரிஞ்ச கை, தன்னால திருகியிருக்கு. சாவி வச்சிருக்கற நாலு பேர்ல வில்லப் பிடிக்கறவன் நீ ஒருத்தன்தான்."

தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று இருந்தது அவளுக்கு. தப்பாக இருந்தால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

அவன் படியில் உட்கார்ந்தான். "போனா அவ திரும்பி வரமாட்டா. இந்த ஒரு ரயில விட்டா போதும்னு நெனச்சேன். நாளைக்கே குடுத்திருப்பேன்."

"அதுக்குள்ள ஒருத்தன் படிப்பு போயிருக்கும்." நோட்டை மூடினாள். "எங்க இருக்கு?"

"மேல, பழைய அலமாரி மேல. என் ஸ்வெட்டர்ல சுத்தி வச்சிருக்கேன்."

"நீயே எடுத்துக் குடு. ஏன் எடுத்தேன்னு அவகிட்டயும் சார்கிட்டயும் நீயே சொல்லு."

அவன் எழுந்தான். "முரசுக்காரி நீ. வில்லு விஷயம் உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு முன் வரிசைலதான உக்கார்ற. ரெண்டு வருஷமா உன் கையத்தான் பாத்துட்டிருக்கேன்."

அது அவன் காதில் விழவில்லை. இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறிக்கொண்டிருந்தான். வயலினை மார்போடு அணைத்தபடி அவன் இறங்கி ஓடி வந்தபோது, அது இடிபட்டுவிடாமல் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டாள்.