ஈயக்கூடம்

ஞாயிறானால் தலையைக் காலி செய்யத்தான் செவ்வாய்க் கிரகத்தில் எந்தக் குடும்பமும் வெளியே கிளம்பும். இடக்கண்ணைச் சிமிட்டினால் கண்ணுக்குள் பதித்த படச்சில்லு எதிரே இருப்பது ஆளோ பொருளோ, படம் பிடிக்கும். அதைப் பற்றிய நினைவு மொத்தமும் மூளையை விட்டு, வானில் சுற்றும் நினைவுக்கிடங்குக்குப் போய்விடும். வலக்கண்ணைச் சிமிட்டினால் திரும்பி வரும். நினைவு ஒன்றுதான், தலையில் இருந்தால் கிடங்கில் இருக்காது.

மகள் குயிலிக்கு அன்று ஐந்து வயது முடிந்தது. இந்த ஒரு நாளாவது கணவன் இளம்பரிதியின் தலையில் தங்கிவிடாதா என்று அல்லிக்கு ஏக்கம்.

"இன்னைக்காவது படம் எடுக்காம அவளைப் பாருங்களேன்."

"பாக்கறதுக்குத்தானே எடுக்கறேன்!" ஆள் மசியவில்லை.

அன்று அவர்கள் போன ஈயக்கூடம் ஒரு சின்ன அருங்காட்சியகம். முதல் குடியேறிகள் கதிர்வீச்சுக்குப் பயந்து பதுங்கிக் கிடந்த இடம். சுவரெல்லாம் முழங்கை கனத்துக்கு ஈயம். வாசலில் பொடி எழுத்தில் ஓர் அறிவிப்புப் பலகை.

"என்னங்க எழுதியிருக்கு?"

இளம்பரிதி இடக்கண்ணைச் சிமிட்டினான். "எடுத்துட்டேன். அப்புறமா படிச்சிக்கலாம், வா."

உள்ளே ஒரே நிசப்தம். வரிசையாகப் படுக்கைகள். யாரோ இப்போதுதான் எழுந்துபோனது போலப் போர்வைகள் கலைந்து கிடந்தன. குயிலி ஒரு குட்டிப் படுக்கையருகே நின்று சிரித்தாள்.

"அல்லி, நீயும் அவ பக்கத்துல நில்லு." சிமிட்டினான்.

அப்புறம் அவன் அசையவில்லை. காவலர் அம்மாள் பதறி ஓடிவந்தாள்.

"அடக் கடவுளே, பலகையைப் படிக்கலையா? இந்தச் சுவரைத் தாண்டி ஒண்ணும் கிடங்குக்குப் போகாதும்மா. எடுத்தது அப்படியே அழிஞ்சுபோயிடும்!"

அல்லி அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஏங்க, வலது கண்ணு! வலது கண்ணைச் சிமிட்டுங்க!"

அவன் சிமிட்டினான். மறுபடியும் சிமிட்டினான். குயிலி "அப்பா" என்று அவன் விரலைப் பிடித்தாள். அவன் மெல்ல விரலை உருவிக்கொண்டு காவலரிடம் சொன்னான்:

"பாவம், குழந்தை அவங்க அப்பாவைத் தேடுது போலிருக்கு."

அல்லி மகளை அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். இளம்பரிதி அவர்களையே பார்த்தான். அவள் நெற்றியை, குழந்தையின் கன்னத்துக் குழியை, கோத்திருந்த நாலு கைகளை நிதானமாக, ஆசையாகப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் அவன் அப்படிப் பார்த்ததே இல்லை.

"எவ்வளவு அழகா இருக்கீங்க ரெண்டு பேரும்!" என்றான், மனசாரத்தான். "ஒரு நிமிஷம் அப்படியே இருங்க."

இடக்கண்ணைச் சிமிட்டினான்.