கழுத்தைப் பிடித்த படம்

அஞ்சுகிராமத்திலிருந்து நாகர்கோவில் வரும்வரை வில்வண்டிக்குள் ஒரு சீழ்க்கைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சக்கரத்துக்கு எண்ணெய் போதவில்லை என்றுதான் சபை உபதேசியார் சத்தியநேசன் நினைத்தார். வண்டி நின்றது. சத்தம் நிற்கவில்லை. மூச்சு இழுக்கும்போதெல்லாம் அவர் மனைவி தேவகனியின் தொண்டையிலிருந்து அது வந்துகொண்டிருந்தது.

மிஷன் ஆஸ்பத்திரியில் டாக்டர் செல்வதாஸ் வீங்கிய கழுத்தை மெல்ல அழுத்தினார். தோலுக்கடியில் கல்லுப்பு நெரிபடுவதுபோல் நறநறத்தது.

"எப்படி அடிபட்டது?"

"கிணத்தடியில வழுக்கித் தொட்டி விளிம்புல இடிச்சிட்டா."

பேச்சில்லாமல் கிடந்த தேவகனி மறுக்கவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். உபதேசியாருக்கு உடம்பெல்லாம் கூசியது. பிரசங்கத்தில் அவர் தவறாகச் சொன்ன வசனத்தை வீட்டில் வைத்துத் திருத்தியிருந்தாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அதற்காகவா?

"எக்ஸ்ரே எடுத்தா தெரிஞ்சிரும். நீங்க வெளிய நில்லுங்க."

வராந்தாவில் லைசால் மருந்து நெடி. மூடிய கதவுக்குப் பின்னால் இயந்திரம் உறுமியது. "ஸ்தோத்திரம் உபதேசியாரே" என்று கைகூப்பிப் போனவர்களை அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

வெகுநேரம் கழித்து டாக்டர் அவரை இருட்டறைக்குள் கூப்பிட்டார். சிவப்பு விளக்கு. மருந்துத் தண்ணீர் சொட்டும் படம்.

"குரல்வளை நசுங்கியிருக்கு. மேல உள்ள சின்ன எலும்பும் ஒடிஞ்சிருக்கு. விழுந்தா இப்படி ஒடியாது, உபதேசியாரே. நெரிக்கணும்."

உபதேசியார் தரையில் சொட்டிய மருந்துத் தண்ணீரைப் பார்த்தார்.

"தொண்டையில துளை போட்டா பிழைச்சுக்கிடுவா. பேச்சு வருமான்னு சொல்ல முடியாது."

இனி அவள் யாரிடமும் சொல்ல மாட்டாள் என்று ஒரு கணம் உபதேசியார் மனசு லேசானது. அந்த நிம்மதி அவருக்கே அருவருப்பாயிருந்தது.

டாக்டரின் குரல் தாழ்ந்தது. "படம் எடுக்கும்போ உள்ள வந்தீங்களா?"

"இல்லையே."

"அப்ப இது யாரு?"

படத்தை விளக்கருகே தூக்கினார். கழுத்தெலும்பைச் சுற்றி விரல்கள். சதையில்லாத விரல்கள். கணுக்கணுவாக, வெள்ளையாக.

"ரெண்டாவதும் எடுத்தேன்."

அதிலும் விரல்கள். இன்னும் இறுக்கமாக.

டாக்டர் அவரையே பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. முகத்தை மூட உபதேசியார் கைகளை உயர்த்தினார்.

மணிக்கட்டு வரைதான் உயர்ந்தன. அதற்கு மேல் விரல்கள் பத்தும், எலும்பே இல்லாமல், நனைந்த துணிபோல், புறங்கைப் பக்கம் மடிந்து தொங்கின.