தடுமாற்றச் சோதனை

இருந்தவர்கள்: யாழ்ப்பாணத்து வதனி, மின்தட்டு டிரம்ஸ். மலேசியாவின் கிள்ளானிலிருந்து வந்த கவிலன், பாட்டும் கிட்டாரும். நாகப்பட்டினத்து நான், பேஸ் கிட்டார். விசாரணை அதிகாரி தெய்வசகாயம். யார் யாரைத் தொடர்ந்து வாசிக்கிறார் என்று அளக்க, சுவரில் பொருத்திய தொடர்மானி. அந்த மெஷினையும் ஓர் ஆளாகத்தான் பதிவு செய்கிறார்கள்.

பாக் நீரிணையின் நடுவில் மிதக்கும் அந்த அலுவலகத்தில் இது தினசரி வேலை. பாட்டுக்கும் கடவுச்சீட்டு வேண்டும் என்று ஆன பிறகு, பல நாட்டுக்காரர்கள் சேர்ந்த இசைக்குழுக்கள் எல்லாம் இங்கே வந்து நின்றாக வேண்டும். ஒரு குழுவுக்கு ஒரே நாடு. அந்த நாட்டுக்காரர் அல்லாதவர்கள் ‘விருந்தாளி’. விருந்தாளி ஆண்டுக்கு ஒரு முறை மேடை ஏறலாம். மற்ற நாட்களில் கூட்டத்தோடு உட்கார்ந்து கைதட்டலாம். எங்களுக்கு முன்னால் போன குழு வெளியே வந்தபோது பாதிப் பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் மூவரில் இருவருக்கு அந்தக் கதிதான்.

“நான் விருந்தாளியெண்டா நீங்கள் ரெண்டு பேரும் ஆரின்ர தாளத்துக்கு வாசிப்பியள்?” என்றாள் வதனி.

“உன் தாளத்துக்கு வாசிச்சே எனக்கு முடி கொட்டிருச்சி லா” என்றான் கவிலன்.

“அதை உன்ர அப்பாவிட்ட கேள்.”

தெய்வசகாயம் மேசைக்குப் பின்னால் அமர்ந்தார். வெயிலே படாத முகம். “பாட்டு நடுவுல கரண்ட்டையும் வெளிச்சத்தையும் நிறுத்துவேன். நீங்க நிறுத்தக்கூடாது. தடுமாறும்போது எல்லாரும் யாரைப் புடிச்சுக்கிட்டுப் போறீங்களோ, அவர்தான் குழுத் தலைவர். அவர் நாடுதான் குழுவோட நாடு.”

“கரண்ட் போனா ஒண்ணுமே கேக்காதே சார்?” என்றேன்.

“உங்களுக்கு லேசாத்தான் கேக்கும். தொடர்மானிக்கு விரல் அசைஞ்சாலே போதும்.”

வதனியைப் பிடித்துக்கொள்வது என்று நான் முடிவு செய்திருந்தேன். பாட்டு எழுதுவது அவள். நான் கைதட்டிவிட்டுப் போகலாம். மற்ற இருவரும் என்ன நினைத்தார்கள் என்று கேட்கவில்லை.

எங்களிடம் ஒரு கோளாறு உண்டு. அன்றுவரை நாங்கள் ஒரே அறையில் வாசித்ததே இல்லை. மூன்று நாடுகளில் மூன்று அறைகள், காதில் ஹெட்ஃபோன், அதில் டிக் டிக் என்று தாளம் காட்டும் ஒரு வழித்துடிப்பு. முகம் பார்க்க மாட்டோம். துடிப்பைப் பிடித்துக்கொண்டு வாசிப்போம். அது இல்லாவிட்டால் எங்களுக்குப் பல் துலக்கக்கூட வராது.

இரண்டாவது சரணத்தில் கரண்ட் போய் இருட்டானது. காதில் துடிப்பும் நின்றது. கவிலன் வரியை மறந்து ‘லா லா’ என்றான். வதனி முந்தினாள். நான் எங்கே இருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. எடுத்த முடிவும் மறந்துபோனது.

அப்போது கேட்டது. டிக். டிக். டிக்.

மூவரும் ஒரே நேரத்தில் அதில் தொற்றிக்கொண்டோம். ரப்பர் தட்டின் மொத்து, ஒலிபெருக்கி இல்லாத கம்பியின் முனகல், கவிலனின் வெறும் குரல். அவ்வளவுதான் சத்தம். இத்தனை ஆண்டுகளில் நாங்கள் நன்றாக வாசித்தது அன்றுதான். முடிந்ததும் வதனி கத்தினாள், நானும் கத்தினேன்.

விளக்கு எரிந்தது. தெய்வசகாயத்தின் மோதிர விரல் இன்னும் மேசை விளிம்பைத் தட்டிக்கொண்டிருந்தது. அவர் அதை வேறு யாருடைய விரலையோ பார்ப்பதுபோலப் பார்த்தார்.

தொடர்மானியின் திரையில் மூன்று அம்புகள். மூன்றும் அவரை நோக்கி.

“நானா தட்டினேன்?”

“நீங்கள்தான் ஐயா. நல்லா வேற தட்டினியள்” என்றாள் வதனி.

“குழுத் தலைவரின் நாடு?” என்று கேட்டது தொடர்மானி.

அவர் தட்டிய விரலை மடக்கிக்கொண்டார். “இல்லை.”

ஒரு பக்கம் சாயக்கூடாது என்பதற்காக விசாரணை அதிகாரிகள் வேலையில் சேரும்போதே குடியுரிமையைத் துறந்து எழுதிக்கொடுத்துவிடுகிறார்கள். அப்புறம் எந்தக் கரையும் அவர்களை இறங்கவிடாது. மிதவையிலேயே சாப்பாடு, தூக்கம், சாவு.

“குழுவுக்கு நாடு இல்லை” என்றது தொடர்மானி. “கடலில் பாடுபவர்களுக்கான மாலுமிப் பாடல் விதி பொருந்தும். நாடில்லாக் குழுவில் விருந்தாளி கிடையாது. தலைவர் உடன் இருந்தால் குழு முழுவதும், தலைவர் உட்பட, எந்தத் துறைமுகத்திலும் இறங்கலாம். ஏற்பா, மறுசோதனையா?”

“எனக்கு ஒரு வாத்தியமும் தெரியாதுப்பா” என்றார் தெய்வசகாயம்.

“மேசையத் தூக்கிட்டு வாங்க சார்” என்றான் கவிலன். உண்மையிலேயே அதன் திருகாணியைத் தேடிக் குனிந்தான்.

“மறுசோதனை வச்சா உங்கள்ல ரெண்டு பேர் போயிருவீங்க. விதியப் பாத்தா நான் அதத்தான் செய்யணும்.”

“நீங்கள் வந்தா ஒருத்தரும் போகத் தேவையில்லை” என்றாள் வதனி. கெஞ்சவில்லை. கணக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

அவர் எங்களைப் பார்த்தார். பிறகு ஜன்னலில் தெரிந்த தண்ணீரைப் பார்த்தார். “சாப்பாடு என்ன கெடைக்கும்?”

“தேங்காப்பால் சோறு, நாசி லெமாக்!” என்றான் கவிலன்.

“புட்டும் கணவாய்க் கறியும்.”

“எங்க ஊர்ல முட்டப் பரோட்டா சார்.”

“மொதல்ல எங்க எறங்குறோம்?” என்று கேட்டார் அவர்.

மூவரும் ஒரே சமயத்தில் மூன்று ஊர்களின் பெயரைச் சொல்லிச் சண்டை போட ஆரம்பித்தோம். தெய்வசகாயம் வாய்விட்டுச் சிரித்தார். ‘ஏற்பு’ என்பதை அழுத்தினார். கழுத்து அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அது இல்லாமல் அவரால் இனி உள்ளே வர முடியாது. அது எங்களைவிட அவருக்கு நன்றாகவே தெரியும்.

படகில் நாங்கள் முதலில் இறங்கினோம். அவர் கடைசியாக வெளியே வந்து, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி, “நாகப்பட்டினமே போவோம், பரோட்டா சூடா இருக்கும்” என்றார். வதனி அவரைத் திட்டிக்கொண்டே கை நீட்டினாள். அவர் அதைப் பிடித்தார். அவருக்குப் பின்னால் கதவு மூடியது. பூட்டும் விழுந்தது.