கடலடிச் சேற்றில் சர்க்கரை

மதியச் சாப்பாடு முடிந்து அவள் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பியபோது, கணவர் நாற்காலியில் சரிந்து கிடந்தார். அந்தக் குளிர்ந்த அறையிலும் சட்டை வியர்வையில் உடம்போடு ஒட்டியிருந்தது.

"ரெண்டு டீ குடிச்சிட்டேன். கரண்டி நிக்கற அளவுக்குச் சர்க்கரை போட்டு," என்றார். "சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை பத்தலையாம். சிரிச்சுக்கோ."

மேசைமேல் நீளக் குழாயில் ஆழ்கடல் அடியிலிருந்து எடுத்த சேறு கரேலென்று கிடந்தது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் செத்து மூழ்கிய உயிர்களின் சர்க்கரை அதில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அளப்பதுதான் இருவருக்கும் வேலை. காலையில் குழாயைத் திறந்தபோது அவர் வெறுங்கையால் தொட்டுவிட்டார். "இத்தனை வருஷம் குப்பை கொட்டியும் கையுறை போடத் தெரியல. விரல் அழுக்கெல்லாம் கணக்குல ஏறும்" என்று அவள் அப்போதே வறுத்தெடுத்திருந்தாள்.

காலை அளவில் குளுக்கோஸ் சின்ன மேடாகத்தான் தெரிந்தது. இப்போது மறுபடி அளந்தபோது, இயந்திரத்தின் திரையில் அந்த மேடு ஊசிபோல் நிமிர்ந்து நின்றது.

விரல் அழுக்கு ஒருமுறைதான் ஏறும். வளராது.

அவருடைய ரத்தச் சர்க்கரைக் கருவியை எடுத்து அவர் விரலில் குத்திப் பார்த்தாள். ஐம்பத்தெட்டு. எப்போதும் இருநூறைத் தாண்டியே நிற்கும் மனிதர்.

குளுக்கோஸ் கரைத்துப் புகட்டினாள். காத்திருந்தாள். இயந்திரத்தின் முனகல் மட்டும்.

நாற்பத்தொன்று.

சேற்றிலிருந்து இன்னொரு துளி எடுத்துக் கரைத்து இயந்திரத்துக்குள் செலுத்தினாள். குளுக்கோஸ் மேடு திரையின் உச்சியை முட்டியது.

குழாயிலிருந்து வாடை எழுந்தது. கடல் வாடை இல்லை.

அவருடைய வியர்வை வாடை.

"ஏங்க, தூங்காதீங்க."

"கண்ணு இருட்டுதுடி."

போனில் கூப்பிட்டாள். ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது என்றார்கள். அதுவரை தாங்கமாட்டார். தொட்டவரிடமிருந்துதானே இந்தச் சேறு சர்க்கரையை எடுக்கிறது? கடைசியாகத் தொட்டவரிடமிருந்து?

அவள் கையுறையைக் கழற்றினாள். ஆள்காட்டி விரலைச் சேற்றுக்குள் இறக்கினாள்.

உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது.

சற்று நேரத்தில் முதுகுக்குப் பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. "அட, தெளிஞ்சுடுச்சு," என்றார் அவர். குரலில் பழைய தெம்பு. "பயந்துட்டியா? வா, வீட்டுக்குப் போலாம்."

அவள் விரலை உருவப் பார்த்தாள்.

வரவில்லை.

சேற்றுக்குள் ஏதோ ஒன்று, பால் குடிக்கும் குழந்தையைப் போல, அதை மெல்லச் சப்பிக்கொண்டிருந்தது.

பிறகு, புதிதாக முளைத்த பல் ஒன்று தட்டுப்பட்டது.