கால்வாய்க்கரையில் முளைத்தவை

"வெட்டிப் போட்டா செத்துடும்னு நெனச்சேன்க்கா."

"நல்லா நெனச்ச போ. ஒரு தொட்டிக்குள்ள அடங்கி இருந்ததை, காடாக்கி வச்சிருக்க."

தம்பி சிரிக்கவில்லை. பின்கதவுக்கு வெளியே கால்வாய்க்கரை முழுவதும் அந்தச் செடிகள் நின்றன. குட்டைப் பனை போல மெலிந்த தண்டு, உச்சியில் விரிந்த இலைகள். அவன் மனைவி படுக்கையருகே தொட்டியில் வளர்த்தது. அவள் இறந்தபின் அதை நறுக்கி வெளியே எறிந்தான். எறிந்த ஒவ்வொரு துண்டும் வேர்விட்டது. இப்போது கரையில் நாணல் இல்லை, கொக்குகளும் வருவதில்லை. தண்ணீர் இழுத்துப்போன துண்டுகள் எங்கெங்கே ஒதுங்கினவோ.

அக்கா செவிலி. இரவு வேலை முடிந்து நேரே வந்திருந்தாள். இதை அழித்தால் அக்கா வீட்டுக்கே வந்துவிடுவதாகத் தம்பி சொல்லியிருந்தான். அவன் தூங்கிப் பல நாளாகிவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது.

"ஆசையா வளர்த்ததை ஏன்டா வெட்டின?"

"தண்ணி கேட்டுச்சுக்கா. அவ குரல்ல."

சிறுநீரகம் கெட்ட அந்தக் கடைசி நாட்களில் தம்பி மனைவிக்குத் தண்ணீரை அளந்துதான் கொடுக்க முடிந்தது. அளந்தவள் அக்காதான். "இன்னும் கொஞ்சம், அண்ணி" என்று அவள் கெஞ்சும்போதெல்லாம் அக்கா நனைத்த பஞ்சால் உதட்டைத் தொட்டுவிடுவாள்.

"தூக்கம் இல்லைன்னா காதுல எதுவும் கேக்கும். மண்வெட்டியை எடு."

பகல் முழுக்க வேரோடு தோண்டினார்கள். துண்டுகளைப் பொறுக்கிக் குவித்து எரித்தார்கள். பச்சைத் தண்டுகள் எரிய மறுத்துப் புகைந்தன. மருந்தும் ஈரத்துணியும் கலந்த, மூடிய அறையின் வாடை வந்தது.

காற்று இல்லை.

தோண்டாத ஓரத்தில் இலைகள் உரசின.

அதையும் தோண்டினார்கள். வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். மாடியிலிருந்த தன் வீட்டுக்குப் போனதும், செருப்பில் அப்பியிருந்த சேற்றை அக்கா குளியலறையில் கழுவினாள். தம்பி அன்றே அடித்துப்போட்டதுபோல் தூங்கினான்.

சில வாரங்கள் போயின. ஒரு காலை, வேலையிலிருந்து வந்தவள் கால் கழுவப் போனாள். கூடத்தில் தம்பியின் குறட்டை. கேட்க நிம்மதியாக இருந்தது.

குழாயிலிருந்து விழுந்த தண்ணீர் வடியவில்லை.

குனிந்தாள். வடிகால் சல்லடையின் துளை வழியே விரல் நீளத்துக்கு ஒரு குருத்து, உச்சி விரிந்து நின்றது.

அதே வாடை.

குழாயை மூடினாள். தேங்கிய தண்ணீர் மெல்லக் குறைந்தது, யாரோ உறிஞ்சுவதுபோல.

"அண்ணி," என்றது சல்லடைக்குக் கீழிருந்து, வறண்ட குரலில். "இன்னிக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் ஊத்துங்களேன்."